ரோஸ்லின் அக்காவும் செம்பியின் வெள்ளைக் காலும்

ரோஸ்லின் அக்காவின் கணவர் அமல் அண்ணன் போனில் செய்தி சொன்னபோது நான் “எப்பங்கண்ணா?” என்று மட்டும் கேட்டேன். காலையில் தலைவலி என்று படுத்த அக்கா எழவே இல்லை என்றார். “சரிங்கண்ணா, வாரேன்” என்றேன். அந்த நிமிடத்தில் என் மனதில் முதலில் வந்ததை அவரிடம் சொல்லியிருக்க முடியாது. செம்பி எங்கே இருக்கிறது என்பது இனி யாருக்குத் தெரியும் என்பதுதான் அது. நாற்பத்தொரு வயதில் ஒருவர் இறந்திருக்கிறார், ஆறு வருடம் என் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவர். எனக்கு ஒரு நாயின் முகவரி போய்விட்டதே என்று தோன்றியது.

சேலத்தில் அடக்கம் முடிந்த பிறகு வீட்டில் கூடியிருந்தவர்கள் என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். “அக்கா நாய்களை நல்லா வீடியோ எடுப்பாங்க” என்றேன். அவரை எட்டு மாதமாக நான் நம்பவில்லை என்பதைச் சொல்லவில்லை. நாய்களுக்கு வீடு தேடும் நம் வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களுக்காக இப்போது அதையும் சேர்த்து எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அவர் ஒரு குரல்தான். வீடியோவில் நாய் மட்டும் தெரியும். சட்டகத்துக்கு வெளியிலிருந்து “ம், வா, உன் இஷ்டம்” என்று ஒரு பெண் குரல் கேட்கும். அந்தக் குரல் ரோஸ்லின் அக்காவுடையது.

நாமக்கல்லில் ஒரு கோழித்தீவன ஆலையின் ஆய்வகத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். லாரியில் வரும் மக்காச்சோளத்தில் ஈரம் எவ்வளவு, பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. மற்றவர்கள் கைக்கு எட்டிய மூட்டையில் குத்தூசியைச் செருகி மாதிரி எடுத்து வருவார்கள். அக்கா லாரிமேல் ஏறி, நான்கு மூட்டைகளைப் புரட்டச் சொல்லி, அடியில் இருப்பதில் குத்துவார். டிரைவர்கள் முனகுவார்கள். “ஏனுங்க மேடம், நாங்க என்ன திருடங்களா?” என்று ஒருவர் கேட்டதற்கு, “உங்களைச் சொல்லலைங்க, மேல் மூட்டையைச் சொல்றேன். மேல் மூட்டை எப்பவும் நல்ல மூட்டையாத்தான் இருக்கும்” என்றார். நாய் வீடியோ எடுப்பதிலும் அவர் வழி அதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

ஒருநாள் மதியம், லாரி நிறுத்தும் இடத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு கறுப்பு நாயை நான் போனில் எடுத்துக்கொண்டிருந்தேன். யாராவது எடுத்து வளர்க்க மாட்டார்களா என்று குழுவில் போடத்தான். பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தவர், “என்ன நித்தி, நாயை எடுக்கிறியா, தரையில ஒரு ஓட்டையை எடுக்கிறியா?” என்றார். பார்த்தேன். உச்சி வெயிலில் கறுப்பு நாய் உண்மையிலேயே ஓட்டை மாதிரிதான் இருந்தது. முகம், கண் எதுவும் இல்லை.

போனை வாங்கி, துப்பட்டா நுனியால் பின்பக்கக் கண்ணாடியைத் துடைத்தார். “சோறு தின்ன கையோட தொட்டிருக்கே. உலகமே மூடுபனியா தெரியுது.” வேப்ப மரத்து நிழலுக்குப் போய் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முழங்கால்மேல் முழங்கையை ஊன்றி, போனைப் படுக்கை வாக்கில் பிடித்து, நாயின் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்துக்குக் கொண்டுவந்தார். திரையில் நாயின் முகத்தை விரலால் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றினார். பிறகு சும்மா இருந்தார். கூப்பிடவில்லை, விரல் சொடுக்கவில்லை. நான் “மணி, மணி” என்று கூப்பிட்டபோது கையால் தடுத்தார்.

“கூப்பிட்டா பாவமா பார்க்கும். பாவமா பார்க்கிற நாயை பாவம்னு கூட்டிட்டுப் போவாங்க. பாவம் தீர்ந்ததும் ரோட்டுல விட்டுடுவாங்க.”

நாய் மூன்று நிமிடம் எங்களைக் கவனித்தது. பிறகு அலுத்துப்போய், ஒரு காலி டப்பாவை உருட்டி விளையாட ஆரம்பித்தது. அப்போதுதான் பதிவுப் பொத்தானை அழுத்தினார். நடுவில் ஒரே ஒரு முறை சுடிதார் பையிலிருந்த பிஸ்கட் உறையைக் கசக்கினார். காதுகள் இரண்டும் நிமிர, நாய் நேராக எங்களைப் பார்த்தது. “இன்னொரு தடவை பண்ணுங்கக்கா” என்றேன். “ரெண்டாந்தடவை நம்பாது. நான்னாலும் நம்ப மாட்டேன்” என்றார். நான்கு நாளில் அந்த நாய்க்கு ஒரு வீடு கிடைத்தது.

விரலால் இழுத்துப் பெரிதாக்கக் கூடாது, கிட்டப் போக வேண்டும் என்பார். பாட்டுச் சேர்க்க விட மாட்டார். எல்லாவற்றையும் விட முக்கியம், வெட்டக் கூடாது. ஒன்றரை நிமிடம் எடுத்தால் ஒன்றரை நிமிடமும் போகும், நாய் நடுவில் மூத்திரம் போனாலும் சரி.

நாய் கேட்டு வருகிறவர்களிடமும் ஒரு வீடியோ கேட்பார். வீட்டு வாசலிலிருந்து கொல்லை வரை நடந்துகொண்டே வெட்டாமல் எடுத்து அனுப்ப வேண்டும். அதைச் சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரு முறை பார்ப்பார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் கேட்பார். ஓமலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் அனுப்பியதை அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தவர், “நாயே இல்லாத வீட்ல சங்கிலிச் சத்தம் எதுக்கு வருது?” என்றார். எனக்குக் கேட்கவே இல்லை. மூன்றாம் முறை கேட்டது. நாய் தர முடியாது என்று சொல்லிவிட்டார். அந்த மனிதர் போனில் கத்தினார்.

“பொண்ணு கேட்டு வந்தாக்கூட இத்தனை விசாரிக்க மாட்டாங்க போலிருக்குதுங்களே!”

“பொண்ணுன்னா அம்மாவுக்குப் போன் பண்ணி அழும்ங்க. இது யாருக்குப் பண்ணும்?”

அவர் சந்தேகம் சரிதானா என்று கடைசிவரை தெரியாது. அந்த வீட்டில் மாடு இருந்திருக்கலாம். “இருக்கலாம்” என்று அக்காவும் ஒப்புக்கொண்டார். ஆனாலும் கொடுக்கவில்லை.

செம்பி எனக்கு வந்தது இதற்கெல்லாம் பிறகு. செம்மண் நிறப் பெண் நாய். வலது முன்னங்கால் மட்டும் காலுறை போட்டதுபோல் வெள்ளை. மூன்று மாதம் என் வாடகை அறையில் வளர்ந்தது. நான் படிக்கும்போது புத்தகத்தின் மேல் தாடையை வைத்துக்கொள்ளும். பக்கத்தைத் திருப்ப விடாது. வீட்டுக்காரர், “நாய் இருக்கட்டுங்க, இல்லாட்டி நீங்க இருங்க. ரெண்டு பேரும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டார். அக்காவிடம் கேட்டேன். ஒரு மாலை வந்து எடுத்தார். நடுவில் தண்ணீர் கேன் போடுகிறவர் வந்ததும் செம்பி பல்லைக் காட்டி உறுமியது. அதை மட்டும் வெட்டிவிடச் சொன்னேன். அது தெரிந்தால் யார் எடுப்பார்கள்?

“வெட்டினா இது வேற நாய் ஆயிடும் நித்தி. அந்த வேற நாயைத்தான் அவங்க கூட்டிட்டுப் போவாங்க. வீட்டுக்குப் போனதும் இந்த நாய் இருக்கும்.”

சேந்தமங்கலம் பக்கம் ஒரு கோழிப்பண்ணை வீட்டில் எடுத்துக்கொண்டார்கள். முகவரி தரவில்லை. கொடுத்த நாயை வளர்த்தவர் ஒரு வருடம் பார்க்கக் கூடாது என்பது அவர் விதி. “நீ போய் நிப்பே. நீ கிளம்பினதும் அது பின்னாடியே ஓடி வரும். ரோட்டுல லாரி வரும்.” சரி என்றேன்.

ஐந்து மாதம் கழித்து குழுவில் ஒரு வீடியோ போட்டார். “செம்பி, நலம்” என்று ஒரு வரி. பதினோரு வினாடி. செம்மண் நிற நாய் ஒன்று நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறது. நீங்கள் எல்லோரும் இதயம் போட்டீர்கள். நானும் போட்டேன். பிறகு திரும்பப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது இடது கால்.

என்னிடம் செம்பியின் வீடியோக்கள் நானூறுக்குமேல் இருந்தன. எல்லாவற்றையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் வலது கால். இன்னொன்றையும் கவனித்தேன். அக்கா எப்போதும் வெட்டாதவர். இது முன்னும் பின்னும் வெட்டப்பட்டிருந்தது. நான்கு பக்கமும் நறுக்கி, நாயைத் தவிர எதுவும் தெரியாமல் செய்திருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே விளக்கம் இதுதான்: செம்பி இறந்துவிட்டது, அல்லது ஓடிவிட்டது. அக்கா என்னிடம் சொல்ல முடியாமல் வேறொரு நாயைக் காட்டுகிறார்.

மறுநாள் மாதிரிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டே, போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்டேன்.

“ஏனுங்க்கா, செம்பிக்கு எந்தக் கால் வெள்ளை?”

அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நீதானே வளர்த்தே. நீ சொல்லு.”

“மறந்துருச்சுங்க்கா.”

அப்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தார். லாரி டிரைவரைப் பார்க்கிற பார்வை. “உனக்கா மறந்துச்சு?” என்றார். அதற்குள் அவர் போன் அடித்தது; வெளியே போய்ப் பேசினார். அறைக்குள்ளேயே பேசுகிறவர் ஏன் வெளியே போனார் என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து எட்டு மாதம், அவர் மக்காச்சோளத்தைப் பார்ப்பதுபோல் நான் அவரைப் பார்த்தேன். மதியம் அவர் கொண்டுவரும் மீன் குழம்பை வாங்கிச் சாப்பிட்டேன். அவர் சொல்லும் ஒவ்வொரு நாயின் கதையிலும் எங்கே இடிக்கிறது என்று தேடினேன். ஒரு வருடம் முடிந்த நாளில், அவராகவே முகவரி சொல்கிறாரா பார்ப்போம் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்லிவிடுவாரோ, அதை நான் கண்டுபிடித்துவிடுவேனோ என்று பயந்தேன். அதன்பின் ஒரே மாதத்தில் அவர் இல்லை.

ஏழாம் நாள் பூசைக்குப் போயிருந்தபோது அமல் அண்ணன் அக்காவின் போனை என் கையில் கொடுத்தார். “நாய் வீடியோவா வந்துட்டே இருக்குதும்மா. யாருக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை. அணைச்சு வைக்கவும் மனசு வரலை. நீ பார்த்துக்கோ.” திரைப் பூட்டைத் திறக்கும் கோட்டையும் விரலால் வரைந்து காட்டினார். பஸ் ஏறும் வரைகூடப் பொறுக்காமல் தேடினேன். “செம்பி, பாவாயி அம்மா” என்று ஒரு பெயர் இருந்தது. உள்ளே அந்த வீடியோவின் முழு வடிவம், வந்தபடியே.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, கொண்டை போட்டவர், நாயோடு கன்னத்தோடு கன்னம் வைத்துத் தன்னையே எடுத்துக்கொண்டிருக்கிறார். பிறகு போனை நாயின் பக்கம் தாழ்த்துகிறார். பின்னால் சுவரோரம் ஒரு தீவன மூட்டை. எங்கள் ஆலை மூட்டைதான், நிறத்தைப் பார்த்தே தெரியும். அதன்மேல் இருந்த எழுத்துகளைப் படிக்க முடியவில்லை. அவை வலமிருந்து இடமாகத் திரும்பியிருந்தன.

முன்பக்கக் கேமராவில் எடுத்தால் சில போன்களில் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோலவே பதிவாகிவிடும். இடது வலதாகும், வலது இடதாகும். எனக்கு அது தெரியாததல்ல. அடுத்திருந்த குரல் பதிவில் பாவாயி அம்மா, “என் மூஞ்சியப் போட்றாதீங்க சாமி, ஊட்ல சிரிப்பாங்க. நாயி மட்டும் தெரியறாப்பல போடுங்க” என்கிறார். அதற்காகத்தான் அக்கா வெட்டியிருக்கிறார். வேண்டியது கிடைத்துவிட்டது என்று அதோடு போனை மூடிவிட்டேன்.

மூடிய பிறகும் மனம் முழுக்க ஒப்பவில்லை. வீடியோ பழையது. நாய் இன்னும் இருக்கிறதா? அடுத்த ஞாயிறு சேந்தமங்கலத்துக்குப் பஸ் ஏறினேன். வழி கேட்டுப் பண்ணையைக் கண்டுபிடித்தேன். இரும்பு கேட். உள்ளே ஓட்டு வீடு, அப்பால் கோழிக் கொட்டகைகள், அதற்கும் அப்பால் மலை. கேட்டைத் தட்டியதும் செம்பி குரைத்துக்கொண்டே ஓடி வந்தது. வலது முன்னங்கால் வெள்ளை. பாதி வழியில் குரைப்பதை நிறுத்திவிட்டு மூக்கைத் தூக்கியது. வால் ஆட ஆரம்பித்தது.

பின்னாலேயே பாவாயி அம்மா வந்தார், போனை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி.

“யாருங்க? அங்கயே நில்லுங்க. புடிச்சுட்டு இருக்கறன்.”

“நான் ரோஸ்லின் அக்கா கூட வேலை பார்த்தவங்க. செம்பியை முன்னாடி வளர்த்தது நான்தானுங்க.”

“அப்பிடித்தான் சொல்லுவாங்கன்னு அந்தம்மா சொல்லியிருக்குது. யாரு வந்தாலும் போன்ல புடிச்சு எனக்கு அனுப்புங்க, நான் பார்த்துச் சொன்னா கேட்டைத் தொறங்கன்னு.”

“அக்கா தவறிட்டாங்கம்மா. பத்து நாளாச்சு.”

அவர் போனைத் தாழ்த்தவில்லை. “நல்லா இருக்கற மனுசிய ஏனுங்க இப்பிடிச் சொல்றீங்க? இருங்க, கேக்கறன்.”

என் பைக்குள் அக்காவின் போன் ‘டிங்’ என்றது.

இருவரும் பையைப் பார்த்தோம். நான் யோசிக்காமல் எடுத்து, “இதுதானுங்க அவங்க போன், பாருங்க” என்று நீட்டினேன். அந்த அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் நான் செய்தது எப்படித் தெரிந்திருக்கும் என்று புரிந்தது. “அந்தம்மா போனு உங்க கையில எப்பிடி வந்துச்சு?” என்றார். நான் பதில் சொல்லச் சொல்ல ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கினார். “லச்சுமி, வா உள்ளே.” செம்பிக்கு இப்போது அதுதான் பெயர். அது என்னைப் பார்த்தது. பிறகு அவர் பின்னால் போனது. கதவு சாத்தப்பட்டது.

அந்தப் போனிலிருந்து “நல்ல பெண்தான், திறங்கள்” என்று ஒரு வரி அனுப்பியிருந்தால் கேட் திறந்திருக்கும். அனுப்பவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து, முன்பு கேட்காமல் விட்ட பதிவுகளை மேலே போய்க் கேட்டேன். வெள்ளைக் காலைப் பற்றி நான் கேட்ட அன்று சாயங்காலம் அக்கா பாவாயி அம்மாவுக்கு அனுப்பியது ஒன்று இருந்தது.

“எங்ககூட வேலை பார்க்கிற பொண்ணு ஒண்ணு இருக்குதும்மா. ரொம்ப நல்ல பொண்ணு. ஆனா இன்னும் அந்த நாயை மறக்கலை. இன்னைக்கு மறந்துட்டேன்னு என்கிட்ட பொய் சொல்லுது. வந்தா தூக்கிட்டுப் போயிரும். நான் சொல்றவரைக்கும் தொறந்துறாதீங்க.”

எட்டு மாதம் நான் அவரைச் சோதித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைச் சோதித்து முடிவும் எழுதி வைத்திருக்கிறார். முடிவு தவறு என்று சொல்ல முடியவில்லை. அன்று என் பையில், போனுக்குப் பக்கத்தில், ஒரு புது நாய்ச் சங்கிலி இருந்தது.

இப்போது அவருடைய போனை நான்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அமல் அண்ணன் சம்மதித்துவிட்டார். நாய்களை எடுத்துப் போனவர்களிடமிருந்து மாதாமாதம் வீடியோக்கள் வருகின்றன. சத்தமில்லாமல் ஒரு முறை, சத்தம் மட்டும் ஒரு முறை. இனி நாய் கேட்கிறவர்கள் அந்த எண்ணுக்கே வீட்டை எடுத்து அனுப்பலாம், வெட்டாமல்.

நான் சேந்தமங்கலத்திலிருந்து திரும்பிய அன்று இரவே அமல் அண்ணன் பாவாயி அம்மாவுடன் பேசினார். அவர் அண்ணனையும் நம்பவில்லை. கல்லறையைப் போனில் பிடித்து அனுப்பச் சொன்னார். மறுநாள் அண்ணன் கல்லறைத் தோட்டத்து வாசலில் ஆரம்பித்து, நடந்துகொண்டே, மண் காயாத மேடும் பெயர் எழுதிய மரச் சிலுவையும் தெரியும் வரை ஒரே வீடியோவாக எடுத்து அனுப்பினார். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் பாவாயி அம்மாவே என்னைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். கேட்டைத் திறந்தார். காப்பி கொடுத்தார். நான் கிளம்பும்போது செம்பியைக் கட்டிப் போட்டார்.